மெய்ப்பெயர் தேடிய மந்திரச் சீடன்

மாயாஜாலக் கதை என்றாலே அது பசங்க சமாச்சாரம், பெரியவர்கள் கை வைக்கிற விஷயம் இல்லை என்கிற எண்ணம் நம்மவர்களிடையே நன்றாக ஊறியிருக்கிறது. அம்புலிமாமா படித்து வளர்ந்த தலைமுறைதான் இப்படிச் சொல்கிறது என்பது வேடிக்கை. சிலம்பும் சித்தாந்தமும் கல்வெட்டும் இடம்பெறுகிற ஒரு மலரில் டிராகனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கொஞ்சம் பொறுத்து, கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

நான் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் எழுதிய 'எ விஸார்ட் ஆஃப் எர்த்சீ' என்ற நாவலை. 'எர்த்சீயின் மந்திரவாதி' என்று தமிழில் சொல்லலாம். 1968-ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் பர்க்லி நகரில் இருந்த பர்னாசஸ் பிரஸ் என்ற சிறிய பதிப்பகம் இதை வெளியிட்டது. அதுவரை பெரியவர்களுக்காகவே எழுதிவந்த லெ குவினிடம், வளர்ந்த பிள்ளைகள் படிக்கிற மாதிரி ஒரு புத்தகம் எழுதித் தர முடியுமா என்று பதிப்பாளர் கேட்டார். கதைகளில் வருகிற மந்திரவாதிகள் எல்லாரும் நரைத்த தாடிக் கிழவர்களாகவே இருக்கிறார்களே, அவர்களும் ஒரு காலத்தில் பையன்களாக இருந்திருப்பார்களே, எங்கே போய் இந்த வித்தையைக் கற்றார்கள் என்ற கேள்வியிலிருந்துதான் கதை பிறந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்விக்கு விடையாக அவர் ஒரு மந்திரப் பள்ளிக்கூடத்தைக் கட்டினார். ஹாரி பாட்டரின் முதல் புத்தகம் 1997-இல்தான் வந்தது. 29 வருஷம் முந்தியது இந்தப் பள்ளிக்கூடம் என்பதை நம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம்.

எர்த்சீ என்பது கடலும் தீவுகளுமான உலகம். கண்டம் என்று எதுவும் கிடையாது, நூற்றுக்கணக்கான தீவுகள் மட்டும்தான். அதில் கான்ட் என்ற மலைத்தீவில், ஆடு மேய்க்கிற ஒரு சின்ன ஊரில் நம் கதாநாயகன் பிறக்கிறான். ஒரு வயசு நிரம்புவதற்குள் தாயார் போய்விடுகிறாள். தகப்பன் வெண்கலக் கொல்லன், அதிகம் பேசாத முரட்டு மனிதர். பையனுக்குத் தாயார் வைத்த பேர் டூனி. ஊரில் சூனியக்காரி என்று பேரெடுத்த பெரியம்மா ஒருத்தி உண்டு, தாயாரின் சகோதரி. அவள் ஒருநாள் ஏதோ ஒரு பாட்டைச் சொல்லிக் கூரை மேல் ஏறிய ஆட்டை இறக்குவதைப் பார்த்து, பையனும் மேய்ச்சல் காட்டில் போய் அதே பாட்டைக் கத்துகிறான். அத்தனை ஆடுகளும் வந்து அவனை நெருக்கிக்கொள்கின்றன. விலகச் சொல்லத் தெரியவில்லை. கூப்பிடத் தெரிகிறது, அனுப்பத் தெரியவில்லை. அவனுடைய இளமைக்காலம் முழுவதும் இதுதான் அவன் சிக்கல்.

பெரியம்மாவிடம் சில்லறை வித்தைகள் கற்றுக்கொண்டு, பருந்தையும் வல்லூறையும் கைக்கு வரவழைக்கப் பழகுகிறான். ஊர்ப்பிள்ளைகள் அவனை 'வல்லூறு' என்றே கூப்பிட ஆரம்பிக்கிறார்கள். பதின்மூன்று வயசில், மலை ஓடையின் குளிர்ந்த தண்ணீரில் நடத்தி அவனுக்கு ஒரு சடங்கு செய்கிறார்கள். பெரியம்மா அவனிடமிருந்து டூனி என்ற பேரை எடுத்துவிடுகிறாள். பேரில்லாதவனாக ஓடையைக் கடந்து அக்கரை ஏறும்போது, ஓகியன் என்ற பெரிய மந்திரவாதி அவன் காதில் அவனுடைய மெய்ப்பெயரைச் சொல்கிறார். கெட். தமிழில் எழுதும்போது அது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. 'கெட்ட' என்பதோடு சேர்த்துப் படித்துவிடாதீர்கள், பையன் அப்படிப்பட்டவன் இல்லை.

இந்த மெய்ப்பெயர் என்ற விஷயம் விளங்கினால்தான் கதை விளங்கும். எர்த்சீயில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆதிமொழியில் ஒரு பெயர் உண்டு. கல்லுக்கு, கடலுக்கு, காற்றுக்கு, மனிதனுக்கு, டிராகனுக்கு, எல்லாவற்றுக்கும். அந்தப் பெயரை அறிந்தவனுக்கு அந்தப் பொருள் மேல் அதிகாரம் வந்துவிடுகிறது. மந்திரம் என்றால் அங்கே வேறொன்றும் இல்லை, சரியான பெயரைத் தெரிந்துகொண்டு சொல்வதுதான். ஆகவே எவரும் தன் மெய்ப்பெயரை வெளியே சொல்லமாட்டார்கள். உயிருக்குயிரான ஒருவரிடம் மட்டுமே சொல்வார்கள். மற்றவர்களுக்குக் கூப்பிடு பேர்தான்.

நமக்கு இது அப்படி ஒன்றும் அந்நியமான எண்ணம் இல்லை. புருஷன் பேரை வாயால் சொல்லாத பாட்டிமார்களை நாம் பார்த்திருக்கிறோம். ஜாதகத்தில் ஒரு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரு பேர், வீட்டில் ஒரு பேர் என்று வளர்ந்தவர்கள்தான் நாம். வடக்கே பிழைக்க வந்த பிறகு நமக்கு இன்னொரு அனுபவமும் சேர்ந்துகொண்டது. குடும்பப் பேர் என்ன என்று கேட்ட ஒரு அலுவலகத்தில் இனிஷியலை விரித்து எழுதப்போய், அப்பா பேர் என் பேராகி, பல வருஷம் தபால்காரர் என்னை அப்பா பேர் சொல்லியே கூப்பிட்டார். இருக்கட்டும், கதைக்கு வருவோம்.

சடங்கு முடிந்ததும் கெட், ஓகியனிடம் சீடனாகப் போகிறான். மழையை நிறுத்தவும் மலையை நகர்த்தவும் அன்றைக்கே சொல்லிக்கொடுத்துவிடுவார் என்பது அவன் எதிர்பார்ப்பு. ஓகியனோ காட்டில் நடக்கிறார், பேசாமல் நடக்கிறார், மழை பெய்தால் சாதாரண ஆள் போல மரத்தடியில் ஒதுங்குகிறார். மழையை விரட்டத் தெரிந்தவர் ஏன் நனைகிறார் என்பது பையனுக்குப் புரியவில்லை. பாடம் எப்போது ஆரம்பிக்கும் என்று பொறுக்கமுடியாமல் கேட்டால், அது எப்போதோ ஆரம்பித்துவிட்டதாகச் சொல்கிறார். வழியோரச் செடி ஒன்றைக் காட்டுகிறார். இதனால் என்ன உபயோகம் என்று பையன் கேட்கிறான். உபயோகத்தைக் கேட்பதற்கு முன்னால் வேரையும் இலையையும் பூவையும் எல்லாப் பருவத்திலும் பார்த்துத் தெரிந்துகொள் என்பது அவர் சொல்வதன் சாரம். நம்மூரில் பாட்டு வாத்தியாரிடம் போய் வருஷக்கணக்கில் சரளி வரிசையே பாடிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும்.

பையன் பொறுக்கவில்லை. அந்த ஊர்ப் பிரபுவின் மகள் ஒருத்தி, 'உனக்கு இதெல்லாம் செய்யத் தெரியாது' என்கிற மாதிரி சீண்டிவிட, ஓகியன் இல்லாத நேரத்தில் அவருடைய புத்தகத்தைத் திறக்கிறான். செத்தவர்களை எழுப்புகிற மந்திரத்தில் கண் விழுந்து ஒட்டிக்கொள்கிறது. நிமிர்ந்து பார்த்தால் கதவருகே இருட்டைவிடக் கறுப்பாக ஏதோ ஒன்று குந்தியிருக்கிறது. ஓகியன் வந்து அதை விரட்டுகிறார். அதட்டவில்லை. இங்கேயே இருக்கிறாயா, ரோக் தீவிலிருக்கும் பெரிய பள்ளிக்குப் போகிறாயா என்று மட்டும் கேட்கிறார். பையன் போகிறேன் என்கிறான்.

ரோக் பள்ளியை லெ குவின் மிக அழகாகக் கட்டியிருக்கிறார். ஒன்பது ஆசான்கள், அவர்களுக்கு மேல் நெம்மர்லே என்ற தலைமை மந்திரவாதி. வாசலில் இருக்கிற ஆசானிடம் தன் மெய்ப்பெயரைச் சொன்னால்தான் உள்ளேயே போகமுடியும். கண்கட்டு வித்தை கற்றுத்தரும் ஆசானிடம் ஒரு கூழாங்கல்லை வைரமாக்கிக் காட்டச் சொல்லிவிட்டு, இது தோற்றம்தானே, நிஜமாகவே மாற்றமுடியாதா என்று கெட் கேட்கிறான். முடியும், ஆனால் ஒரு கல்லை மாற்றினால் உலகமே அந்த அளவுக்கு மாறிப்போகும், அதனால் என்ன நன்மை வரும், என்ன தீமை வரும் என்று தெரியாமல் ஒரு மணலைக்கூட நகர்த்தக்கூடாது என்கிறார் ஆசான். உலகம் ஒரு தராசு போல நிற்கிறது, மந்திரவாதியின் கை பட்டால் ஆடும் என்பதுதான் அந்தப் பள்ளியின் அடிப்படைப் பாடம். லெ குவின் சீன ஞானி லாவோ ட்சுவின் தாவோ தே ஜிங்கைச் சிறுவயதிலிருந்தே படித்தவர். 1997-இல் அதற்குத் தாமே ஓர் ஆங்கில வடிவமும் வெளியிட்டார். அந்த வாசனை இந்தப் பள்ளிக்கூடம் முழுக்க இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தவர் பெயர் ஆசான். தனிக் கோபுரம் ஒன்றில் இருந்துகொண்டு பட்டியல் பட்டியலாகப் பெயர்களை மனப்பாடம் செய்யவைப்பவர். ஒரு தீவின் ஒவ்வொரு முனைக்கும், ஒவ்வொரு விரிகுடாவுக்கும், பாறைக்கும், செடிக்கும், செடியின் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர். கெட் முனகிக்கொண்டே படிக்கிறான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டு உருப்போட்ட நம் முப்பாட்டனார்களை நினைத்துக்கொண்டேன். கடலையே கட்டவேண்டுமானால் அதன் ஒவ்வொரு துளியின் பெயரும் தெரிந்திருக்கவேண்டும், அது யாராலும் ஆகாது, ஆகவே மந்திரத்துக்கு எல்லை உண்டு. இந்த வறட்டுப் பாடம்தான் பிற்பாடு டிராகன் முன்னால் அவன் உயிரைக் காப்பாற்றப்போகிறது. அதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் ஜாஸ்பர் என்ற ஒரு மாணவன் இருக்கிறான். பெரிய இடத்துப் பிள்ளை, நாசூக்கானவன், சிரித்துக்கொண்டே குத்துகிறவன். கெட்டை ஆட்டிடையன் என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கிறான். கிராமத்துப் பள்ளியில் முதல் மார்க் வாங்கிவிட்டு நகரத்துக் கல்லூரிக்குப் போனவர்களுக்கும், டிரங்குப் பெட்டியோடு வேறு மாநிலத்தில் ரயிலைவிட்டு இறங்கினவர்களுக்கும் ஜாஸ்பரை விளக்கவேண்டியதில்லை. அவன் சொல்லுகிற எதுவும் நேரடியான அவமானம் இல்லை. பேச்சு நடை, சாப்பிடுகிற விதம், பிறந்த ஊர், இவற்றைப் பார்க்கிற பார்வை போதும். அந்தக் கோபம் பையனுக்குள்ளே கிடந்து புளித்துப் போகிறது. ஒரு கோடை இரவில், சவாலுக்குச் சவாலாக, ஆயிரம் வருஷத்துக்கு முந்தி இறந்த எல்ஃபாரன் என்ற அழகியின் ஆவியை வரவழைத்துக் காட்டுகிறேன் என்று குன்றின் மேல் ஏறுகிறான்.

வரவழைத்தும்விடுகிறான். ஆனால் உலகத்தின் சீலையில் விழுந்த அந்தக் கிழிசல் வழியாக வேறொன்றும் வந்துவிடுகிறது. உருவமில்லாத ஒரு நிழல். அது பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. தலைமை மந்திரவாதி நெம்மர்லே ஓடிவந்து கிழிசலை மூடுகிறார், அந்த முயற்சியிலேயே தன் ஆயுசைச் செலவழித்துவிட்டு இறந்துபோகிறார். பதினைந்து வயசுப் பையனின் ரோஷத்துக்கு ஒரு மகானின் உயிர் விலை. சிறுவர் புத்தகத்தில் இவ்வளவு பெரிய தண்டனை எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து, தழும்பேறிய முகத்தோடு, வாய் குழற எழுந்து வருகிற கெட் பழைய கெட் இல்லை. முன்பு சுலபமாக வந்ததெல்லாம் இப்போது வரமறுக்கிறது. கூடப் படித்தவர்கள் மேலே போய்விட்டார்கள், இவன் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறான். அப்போது வெச் என்ற அவன் சிநேகிதன், படிப்பு முடிந்து ஊருக்குப் போகும் முன் விடைபெற வருகிறான். யாரும் கேட்காமல், தன்னுடைய மெய்ப்பெயரைச் சொல்கிறான். எஸ்டாரியல். வித்தையும் பேரும் போய், தன்னைத் தானே நம்பாமல் நிற்கிற ஒருவன் கையில் தன் உயிரையே எடுத்துக் கொடுக்கிற மாதிரி அது. பதிலுக்குக் கெட்டும் தன் பெயரைச் சொல்கிறான். இந்த நாவலில் நான் திரும்பத் திரும்பப் படிக்கிற பக்கம் இதுதான். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை, இரண்டு பையன்கள் தங்கள் பேரைச் சொல்லிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். கெட் அங்கேதான் மறுபடி நிமிர ஆரம்பிக்கிறான்.

படிப்பை முடித்து மந்திரவாதியாகும்போது, பெரிய பிரபுக்களின் அரண்மனையைத் தேடிப் போகாமல், லோ டார்னிங் என்ற ஏழை மீனவத் தீவுக்குப் போகிறான். பக்கத்தில் பெண்டோர் என்ற பாழடைந்த தீவில் ஒரு கிழட்டு டிராகன் குட்டிகளோடு குடியிருக்கிறது. குட்டிகள் வளர்ந்து இரை தேடி எந்த நேரமும் வந்துவிடலாம் என்று மீனவர்களுக்குப் பயம். அங்கே படகு கட்டுகிற ஒருவர் அவனுக்குச் சிநேகிதமாகிறார். அவருடைய சின்னக் குழந்தை காய்ச்சலில் சாகக் கிடக்கும்போது, கெட் எல்லை மீறி இறந்தவர்களின் நாடு வரை அதைத் தேடிக்கொண்டு போகிறான். குழந்தை கிடைக்கவில்லை. நிழலுக்குத்தான் அவன் இருக்கிற இடம் தெரிந்துவிடுகிறது.

இனி அந்த ஊரில் இருந்தால் ஊருக்கே ஆபத்து. போய்விடவேண்டும். ஆனால் டிராகன்களை அப்படியே விட்டுவிட்டுப் போனால் மீனவர்கள் கதி? ஆகவே போகிறதற்கு முன்னால் அந்தக் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று ஒரு சின்னப் படகில் தனியாகப் பெண்டோருக்குப் போகிறான்.

குட்டிகள் சில பறந்து வந்து தாக்குகின்றன, சாகின்றன. அதை லெ குவின் ரொம்ப நேரம் வர்ணிக்கவில்லை. பிறகு கோட்டையின் உடைந்த கோபுரம் என்று நினைத்தது அசைகிறது. அது கோபுரமே இல்லை, கிழட்டு டிராகன். இந்த டிராகன் பேசுகிறது. மனிதர்கள் கஷ்டப்பட்டுக் கற்கிற ஆதிமொழி அதற்குத் தாய்மொழி. இதில் லெ குவின் ஒரு சூட்சுமம் வைத்திருக்கிறார். மனிதன் அந்த மொழியில் பேசினால் பொய் சொல்லமுடியாது. டிராகனால் முடியும். சொந்த மொழி அல்லவா! உண்மையான வார்த்தைகளையே வளைத்து நெளித்துக் கேட்பவனை எங்கேயோ கொண்டுபோய்விட்டுவிடும். நமக்குத் தெரிந்த சில மேடைப் பேச்சாளர்கள் நினைவுக்கு வரலாம்.

டிராகன் பொக்கிஷம் தருகிறேன் என்கிறது, அவன் மசியவில்லை. பிறகு உண்மையான தூண்டிலைப் போடுகிறது. உன்னை ஒன்று துரத்துகிறதே, அதன் பெயர் எனக்குத் தெரியும், சொல்லட்டுமா? கெட் இரண்டு வருஷத்துக்கு மேல் அந்தப் பெயருக்காகத் தவிக்கிறான். பேரில்லாததை எந்த மந்திரத்தாலும் கட்டமுடியாது என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவனுடைய உயிர் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அவனிடமும் ஒரு சொல் இருக்கிறது, ஒன்றே ஒன்று. ரோக்கில் பழைய டிராகன் வரலாறுகளைப் படித்தபோது, இந்த டிராகன் இன்னதாகத்தான் இருக்கவேண்டும் என்று ஒரு பெயரை ஊகித்து வைத்திருக்கிறான். யெவாட். அதை அவன் சொல்லிப்பார்த்ததும் டிராகன் கட்டுண்டு நிற்கிறது. இந்த அதிகாரத்தை வைத்துத் தனக்கு வேண்டிய நிழலின் பெயரைக் கேட்டு வாங்கலாம். அல்லது, நீயும் உன் குட்டிகளும் இனி இந்தத் தீவுகள் பக்கம் பறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கலாம்.

சத்தியத்தைத்தான் வாங்குகிறான்.

இந்த இடத்தில்தான் பையன் ஆளாகிவிட்டான் என்பது என் அபிப்பிராயம். பெரும்பாலான விமர்சகர்கள் கடைசி அத்தியாயத்தைச் சொல்வார்கள். அதுவும் சரிதான். ஆனால் ரோக்கின் குன்றில் தன்னைக் காட்டிக்கொள்வதற்காக ஒரு பெயரைச் சொன்னவன், பெண்டோரில் யாரும் பார்க்காத ஒரு கடற்கரையில், பெரிதாக நன்றி சொல்லக்கூடத் தெரியாத மீனவர்களுக்காக இன்னொரு பெயரைச் சொல்கிறான். தன் உயிருக்கான விலையை எடுத்து ஊராருக்குச் செலவழிக்கிறான். இதே பையன் இரண்டு மூன்று வருஷம் முந்தி என்ன கேட்டிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். டிராகனைக் கொன்று தலையைக் கொண்டுவருகிற வீரர்கள் எல்லா ஊர்க் கதையிலும் உண்டு. டிராகனோடு நின்று பேசி, தனக்கு வேண்டியதைக் கேட்காமல் திரும்புகிறவன் அபூர்வம்.

அந்த யெவாட் டிராகனுக்கு ஒரு முன்கதை உண்டு. 1964-இல், நாவலுக்கு நாலு வருஷம் முன்னால், லெ குவின் 'தி ரூல் ஆஃப் நேம்ஸ்' என்று ஒரு சிறுகதை எழுதினார். ஒரு தீவில் குள்ளமாய், குண்டாய், அரைகுறை மந்திரம் தெரிந்த ஒரு அசட்டு ஆள் இருக்கிறார். பெண்டோர் பொக்கிஷத்தைத் தேடி ஒருவன் வந்து, அவருடைய மெய்ப்பெயரைச் சொல்லி, உன் உண்மை உருவத்தில் நில் என்று அதட்டுகிறான். வித்தை பலித்துவிடுகிறது. அதுதான் கஷ்டம், அவருடைய உண்மை உருவமே டிராகன்தான்! சிரித்துக்கொண்டே படிக்கிற கதை. பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, அது யாருடைய பெயர் என்றும் தெரிந்திருக்கவேண்டும்.

மிச்சக் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். நிழல் துரத்துகிறது. வடக்கே ஒரு கோட்டையில், சிறுவயதில் அவனைச் சீண்டிய அதே பிரபுவின் மகள், தீய சக்தி கொண்ட கல் ஒன்றிடம் கேட்டால் நிழலின் பெயர் கிடைக்கும் என்று ஆசை காட்டுகிறாள். தப்பித்துப் பருந்தாகப் பறந்து பழைய குருவிடமே வந்து விழுகிறான். ஓடாதே, திரும்பி நின்று நீ அதைத் துரத்து என்கிறார் ஓகியன். துரத்த ஆரம்பித்ததும் நிழல் ஓடுகிறது. கிழக்குத் தீவு ஒன்றில் வெச்சைச் சந்திக்கிறான், இருவரும் ஒரே படகில் உலகத்தின் விளிம்பு வரை போகிறார்கள். அங்கே கடல் மணலாக மாறிய ஓரிடத்தில் நிழலும் கெட்டும் எதிரெதிரே நிற்கிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பெயரைச் சொல்கிறார்கள். கெட். அவனுடைய பெயர்தான் அதன் பெயர்.

இருபது வயசு நிரம்பாத ஒருவன் தன் கோபத்தையும் கர்வத்தையும் சாவையும் தன்னுடையது என்று ஒப்புக்கொள்கிறான், அதனால் முழுமையாகிறான். உளவியல் படித்தவர்கள் உடனே யுங் என்பார்கள். இந்த நாவலை எழுதும்போது தாம் யுங்கைப் படித்திருக்கவில்லை என்று லெ குவின் சொல்லியிருக்கிறார்.

எனக்கு வேறொரு பேர் நினைவுக்கு வருகிறது. லெ குவினின் தகப்பனார் ஆல்ஃப்ரெட் க்ரோபர், கலிஃபோர்னியாவின் பூர்வகுடிகளை ஆராய்ந்த புகழ்பெற்ற மானிடவியலாளர். 1911-இல், தன் யாஹி இனத்தில் மற்றவர்கள் எல்லாரும் அழிந்துபோன பின் தனியாக மிஞ்சிய ஒரு மனிதர் காட்டிலிருந்து வெளியே வந்தார். அவரைச் சான்ஃபிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் தங்கவைத்தார்கள். பேர் என்ன என்று எல்லாரும் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. தன் பேரைத் தானே அந்நியரிடம் சொல்வது அவர்கள் முறைமை இல்லை. சொல்வதற்குச் சொந்த ஜனம் ஒருவரும் மிச்சமில்லை. க்ரோபர்தான் அவருக்கு 'இஷி' என்று பேர் வைத்தார். அவர்கள் மொழியில் அதற்கு 'மனிதன்' என்று அர்த்தம். 1916-இல் காசநோயில் இறக்கும்வரை மெய்ப்பெயர் அவரோடேயே இருந்தது. லெ குவின் பிறந்தது 1929-இல், அவர் இஷியைப் பார்த்ததில்லை. தாயார் தியோடோரா 1961-இல் இஷியின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். ஏழு வருஷம் கழித்து மகள், பேரைச் சொல்லாமல் காப்பாற்றுகிற ஒரு உலகத்தை எழுதுகிறார். இரண்டுக்கும் முடிச்சுப் போடுவது என் ஊகம்தான், வாசகர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சேதி மட்டும் சொல்லவேண்டும்: பர்க்லி பல்கலைக்கழகத்தில் க்ரோபர் பேரில் இருந்த கட்டடத்திலிருந்து 2021-இல் அந்தப் பேரை எடுத்துவிட்டார்கள். அவர் காலத்து மானிடவியல் பூர்வகுடிகளின் எலும்புகளைச் சேகரித்ததும் இஷியை நடத்திய விதமும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

இன்னொன்றையும் நம் பிள்ளைகளுக்காகச் சொல்லவேண்டியிருக்கிறது. கெட் செம்பழுப்பு நிறத்தவன். வெச் நல்ல கறுப்பு. எர்த்சீயின் ஜனங்களில் பெரும்பாலோர் இப்படித்தான். கொள்ளையடிக்க வருகிற கார்க் நாட்டவர்தான் வெள்ளைத்தோல், மஞ்சள் முடி. 1968-இல் இது வேண்டுமென்றே செய்த காரியம், ஆனால் முதல் பக்கத்திலேயே அறிவிக்காமல், வாசகன் பையனோடு ஒட்டிக்கொண்ட பிறகு மெதுவாகத் தெரியவைத்தார். அப்படியும் பல பதிப்புகளின் அட்டையில் வெள்ளைக்காரப் பையன் படம்தான் வந்தது. 2004-இல் ஒரு அமெரிக்க டி.வி. சானல் இதைத் தொடராக எடுத்தபோது கெட்டை வெள்ளையாகவே காட்டினார்கள். லெ குவின் பகிரங்கமாக எழுதிக் கண்டித்தார். 2006-இல் ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ எர்த்சீயை வைத்து அனிமேஷன் படம் எடுத்தது, அதுவும் தன் கதை இல்லை என்றுதான் நினைத்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் இங்கே பள்ளியில் நிறத்துக்காக ஒரு பட்டப்பேராவது கேட்காமல் வளர்வதில்லை. அவர்கள் கையில், கறுத்த பையன் ஒருவன் டிராகனோடு சரிசமமாக நின்று பேசுகிற புத்தகம் இருப்பது சின்ன விஷயமாக எனக்குப் படவில்லை.

குறை இல்லாத புத்தகம் என்று சொல்லமாட்டேன். ரோக் பள்ளியில் பையன்களுக்கு மட்டும்தான் இடம். பெண்களின் மந்திரம் மட்டம், பொல்லாதது என்கிற மாதிரியான பேச்சு கதையில் வருகிறது. கெட்டுக்கு முதல் பாடம் சொல்லிக்கொடுத்த பெரியம்மாவுக்குக்கூட உரிய மரியாதை இல்லை. என் பேத்தி படித்துவிட்டு முதலில் கேட்ட கேள்வியே, அந்தப் பெரியம்மா ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதுதான். லெ குவினுக்கும் இது உறுத்தியிருக்கிறது. 1971, 1972-இல் அடுத்த இரண்டு நாவல்கள் வந்த பின், நீண்ட இடைவெளி விட்டு 1990-இல் 'தெஹானு' எழுதினார். விதவையான ஒரு குடியானவப் பெண்ணின் கண் வழியாக அதே உலகத்தைத் திருப்பிப் பார்த்தார். டிராகன்களும் மனிதர்களும் ஆதியில் ஒரே இனமாக இருந்தவர்கள் என்ற சேதியும் அதில்தான் வருகிறது. 2001-இல் இன்னும் இரண்டு புத்தகங்கள். 2018 ஜனவரியில் தமது 88-ஆவது வயதில் அவர் காலமானார்.

படிக்க நினைப்பவர்கள் வெளிவந்த வரிசையிலேயே படிப்பது நல்லது. பன்னிரண்டு, பதின்மூன்று வயசுப் பிள்ளைகளுக்கு முதல் மூன்றைக் கொடுக்கலாம், 'தெஹானு'வைக் கொஞ்சம் பொறுத்துக் கொடுக்கலாம், அதில் கொடுமைக்கு ஆளான ஒரு குழந்தை வருகிறது. மூன்றாவது புத்தகத்தின் முடிவில், உலகத்தில் விழுந்த ஒரு பெரிய ஓட்டையை அடைக்கக் கெட் தன் மந்திரசக்தி முழுவதையும் செலவழித்துவிடுகிறான். கலெஸின் என்ற மூத்த டிராகன் அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு கான்ட் தீவில் கொண்டுவந்து இறக்குகிறது. 'தெஹானு'வில், நாடே தேடிக்கொண்டிருக்கிற அந்தத் தலைமை மந்திரவாதி, அரசனின் ஆட்கள் கண்ணில் படாமல் மலை மேலே போய் ஆடு மேய்க்கிறார்.